தொலைந்து போகாத ‘திஸ்’

“கால்பேக்குக்குள்ள போனா திஸ் காணாமப் போயிடும் தம்பி, ஏரோ ஃபங்ஷன் போட்டுடு.” ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் பிள்ளைகள் இதைப் பலர் வாயிலாகக் கேட்டிருப்பார்கள். விடுதி அறையில் சீனியர் சொல்வார். யூடியூபில் பாடம் எடுப்பவர் சொல்வார். வேலையில் சேர்ந்தபின் டீம் லீடும் அதையே சொல்வார். ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன் என்று அடுக்கிக்கொண்டே போனால் ‘திஸ்’ எங்கோ தொலைந்துவிடுகிறது. மொழியைப் படைத்தவர் அவசரத்தில் விட்ட ஓட்டை அது. 2015-இல் ஏரோ ஃபங்ஷன் வந்து அதை அடைத்துவிட்டது. ஆகவே இதற்குமேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. இந்த நான்கில் மூன்று தவறு. ஓட்டை என்பது மட்டும் அரைகுறை உண்மை.

இதைப் போய் ஒரு கட்டுரையாக எழுதி மறுக்க வேண்டுமா என்று கேட்கலாம். உப்பிலியபுரத்திலிருந்து துறையூர் வழியாகத் திருச்சிக்குப் பஸ் ஏறிப் பொறியியல் படிக்கப் போகும் மாணவரை நினைத்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். பச்சைமலை அடிவாரத்துப் பேரூராட்சி அது. அங்கிருந்து கிளம்பும் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டம்தான் அப்படிப்பட்ட பல வீடுகளுக்குள் முதல் கணினியைக் கொண்டுவந்தது. “இவர்களுக்குச் சூத்திரம் போதும், உள்விவரமெல்லாம் எதற்கு?” என்ற பேச்சு கேட்கப் பரிவாக இருக்கும். ஆனால் நவல்பட்டு எல்காட் பூங்காவிலோ சென்னை ஓஎம்ஆரிலோ அவர்களுக்குக் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் புதிதாக எழுதுவது அல்ல. பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிவிட்டுப் போனதைப் பராமரிப்பது. சூத்திரம் கைவிடும் இடம் அதுதான்.

முதலில் அந்த ‘உள்ளே போனால் காணாமல் போகும்’ கதை. ஜாவாஸ்கிரிப்டில் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் எடுத்துக்காட்டும் தமிழிலேயே இருக்கட்டும். ‘கடை’ என்று ஓர் ஆப்ஜெக்ட். அதில் ‘பெயர்’ என்று ஒரு பண்பு, ‘பலகை’ என்று ஒரு மெத்தட். திஸ்ஸின் பெயரை எடுத்து அச்சிடுவதுதான் பலகையின் வேலை. கடை.பலகை() என்று அழைத்தால் கடையின் பெயர் ஒழுங்காக வரும். இப்போது அதே மெத்தடை ‘வேலை’ என்ற இன்னொரு மாறியில் போட்டுவிட்டு, வெறுமனே வேலை() என்று அழைத்துப் பார்க்கலாம். கடையின் பெயர் வராது. இங்கே ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன் இல்லை, கால்பேக் இல்லை, அடுக்கும் இல்லை. இரண்டே வரிதான். எதிர்ப்பக்கமும் சோதிக்கலாம்: ஏரோ ஃபங்ஷனுக்குள் ஏரோ ஃபங்ஷனாகப் பத்து அடுக்கு போட்டாலும் திஸ் அசையாது. அடுக்கே இல்லாத இடத்தில் மாறுகிறது, பத்து அடுக்கு உள்ள இடத்தில் மாறாமல் நிற்கிறது என்றால், மாற்றத்துக்கு அடுக்கைக் காரணம் காட்டுவதில் என்ன நியாயம்?

காரணம் அழைப்பில் இருக்கிறது. சாதாரண ஃபங்ஷனில் திஸ் யார் என்பது அது எழுதப்படும்போது முடிவாவதில்லை. அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் முடிவாகிறது. புள்ளிக்கு முன்னால் ஓர் ஆப்ஜெக்ட் நின்றால் அதுவே திஸ். ‘நியூ’ போட்டு அழைத்தால் புதிதாகப் பிறக்கும் ஆப்ஜெக்ட். கால், அப்ளை, பைண்ட் மூன்றில் ஒன்றைப் பயன்படுத்தினால் நாம் கையில் கொடுப்பது. எதுவுமில்லாமல் மொட்டையாக அழைத்தால் ஸ்ட்ரிக்ட் மோடில் ‘அன்டிஃபைன்ட்’, பழைய மோடில் உலகப் பொது ஆப்ஜெக்ட், அதாவது பிரவுசரில் ‘விண்டோ’. ஸ்கோப் இதற்கு நேர்மாறு. ஒரு ஃபங்ஷன் எந்த மாறிகளைப் பார்க்கலாம் என்பது அது எழுதப்பட்ட இடத்தோடு முடிந்துபோன விஷயம். யார், எப்போது, எங்கிருந்து அழைத்தாலும் அது மாறாது.

இந்த வித்தியாசத்துக்கு ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2006 சட்டமன்றத் தேர்தலில் உப்பிலியபுரத்துக்காரர் “நம்ம தொகுதி” என்று சொன்னால் அது உப்பிலியபுரம் தனித் தொகுதி. 2008 மறுவரையறையில் அந்தத் தொகுதி போய்விட்டது. 2011-இல் அதே மனிதர் அதே திண்ணையில் உட்கார்ந்து அதே வார்த்தையைச் சொன்னபோது அது துறையூரைக் குறித்தது. ஊர் நகரவில்லை, பச்சைமலையும் நகரவில்லை. இருக்கும் இடம் ஒரு கணக்கு, எந்தத் தேர்தல் என்பது வேறு கணக்கு என்பது ஓட்டுப் போட்ட எல்லோருக்கும் தெரியும். ஸ்கோப் முதல் கணக்கு, திஸ் இரண்டாவது கணக்கு. வகுப்பறையில் இரண்டையும் ஒரே கணக்காகச் சொல்லிக்கொடுப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் ஊற்று.

இரண்டு கணக்கு ஒரே மொழிக்குள் வந்த கதை ஒன்று உண்டு. 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவத்தை எழுதினார் என்பது ஊரறிந்த செய்தி. ‘அவசரத்து ஓட்டை’ வாதத்துக்கு அந்தப் பத்து நாள்தான் சாட்சி. ஆனால் அந்தப் பத்து நாளில் அவர் எதையும் வெறுங்கையால் முழம் போடவில்லை. அவரை வேலைக்கு எடுத்ததே பிரவுசருக்குள் ஸ்கீம் மொழியைக் கொண்டுவரலாம் என்ற எண்ணத்தில். ஸ்கீம் 1975-இல் சஸ்மனும் ஸ்டீலும் எம்ஐடியில் உருவாக்கியது. எழுதிய இடத்தை வைத்து ஸ்கோப்பை முடிவு செய்வது அங்கிருந்து வந்தது. ஓர் ஆப்ஜெக்ட் இன்னொன்றின் மெத்தடை இரவல் வாங்கிக்கொள்ளும் முறை, டேவிட் உங்காரும் ராண்டல் ஸ்மித்தும் படைத்த செல்ஃப் மொழியிலிருந்து வந்தது. ஒரே மெத்தடை ஆயிரம் ஆப்ஜெக்ட்கள் பகிர்ந்துகொள்ள வேண்டுமானால், இப்போது யாருக்காக ஓடுகிறோம் என்று அந்த மெத்தடுக்கு அழைக்கும் நேரத்தில்தான் தெரிய முடியும். எழுதும்போதே திஸ்ஸை ஆணியடித்துவிட்டால் பகிர்வு என்பதே இல்லை. மேல்பூச்சு ஜாவா மாதிரி இருக்க வேண்டும் என்பது நெட்ஸ்கேப் நிர்வாகத்தின் ஆசை. ஆக, சம்பந்தம் பேசி ஒரே வீட்டில் குடிவைத்த இரு குடும்பங்கள். ஓட்டை என்று சொல்வது பொருந்தாது.

அரைகுறை உண்மை என்று சொன்னதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். மொட்டையாக அழைத்தால் திஸ் சத்தமில்லாமல் விண்டோவாக மாறியது நிஜமாகவே மோசமான முடிவு. பழைய மோடில் ஒரு கால்பேக்குக்குள் திஸ்ஸின் ‘நேம்’ பண்பில் எதையாவது எழுதினால் அது போய் விண்டோவின் நேமில் உட்காரும். அந்த டேப்பில் அடுத்த பக்கத்துக்குப் போன பிறகும் அங்கேயே இருந்த காலம் உண்டு. எரர் வராது, தடயமும் கிடைக்காது. ஜாவாஸ்கிரிப்ட் நிபுணர் டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2001-லேயே, உள் ஃபங்ஷன்களில் திஸ் தவறாக அமைவது மொழி வரையறையின் பிழை என்று எழுதி, ‘தட்’ என்ற மாறியில் வெளித் திஸ்ஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பரப்பினார். இன்று திண்ணையில் பேசப்படும் கருத்துக்கு அவரே மதிப்பான மூலவர். ஆனால் அவர் சுட்டிய தீங்கின் பெரும்பகுதியை 2009 டிசம்பரில் வந்த எக்மாஸ்கிரிப்ட் 5 தீர்த்துவிட்டது: ஸ்ட்ரிக்ட் மோடில் விண்டோ வராது, அன்டிஃபைன்ட் வரும், பிழை அந்த வரியிலேயே பளிச்சென்று தெரியும். அடைக்க வேண்டிய ஓட்டையை அடைத்தது ஸ்ட்ரிக்ட் மோடு. ஏரோ வந்தது அதற்குப் பிறகு, வேறு காரியத்துக்கு.

தமிழுக்கு மிக நெருக்கமான ஒரு நிரலில் இதைப் பார்க்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் எந்த மென்பொருளும் நிறுவாமல் தமிழில் தட்ட முடிகிறதே, அதற்குப் பின்னால் இருப்பது விக்கிமீடியாவின் மொழிப் பொறியியல் குழு உருவாக்கிய ஜேக்வெரி ஐஎம்இ என்ற நூலகம். 2013 முதல் விக்கித் தளங்களில் அது பயனில் உள்ளது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையும் அதில் ஒரு தேர்வு. தமிழ்99-இல் ‘அம்மா’ என்று தட்ட ஏ, கே, கே, க்யூ என்ற நான்கு விசைகள் போதும். இரண்டு கே அடுத்தடுத்து வந்தால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழும். ஆகவே ஒரு விசை விழும்போது நிரலுக்குச் சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும்: தமிழ் உள்ளீடு இயக்கத்தில் இருக்கிறதா, எந்த விசைப்பலகை, முன்னால் என்ன எழுத்து. இவற்றை வைத்திருப்பது ஐஎம்இ என்ற ஆப்ஜெக்ட். விசை விழுவதோ பக்கத்தில் உள்ள எழுத்துப் பெட்டியில்.

இப்போது கவனிக்க வேண்டிய இடம். விசை நிகழ்வுக்கு ஃபங்ஷனைப் பதிவு செய்யும்போது, ஐஎம்இ நூலகத்துக்கு அடித்தளமான ஜேக்வெரி அதை எழுத்துப் பெட்டியைத் திஸ்ஸாக வைத்து அழைக்கும். அது ஜேக்வெரி தெரிந்தே தரும் வசதி, பிழையல்ல. ஐஎம்இ நூலகம் வேண்டுவதோ தன் சொந்த ஆப்ஜெக்டை. ஆகவே அந்த நூலகத்தில் நெடுங்காலம் இருந்த வடிவில், ஒவ்வொரு பதிவிலும் ஜேக்வெரியின் ‘பிராக்ஸி’ மூலம் திஸ் கட்டிக் கொடுக்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டு இல்லாவிட்டால் என்ன நடக்கும்? விசை ஃபங்ஷனின் முதல் வேலை, திஸ்ஸின் ‘ஆக்டிவ்’ பண்பு உண்மையா என்று பார்ப்பது. இல்லையென்றால் விசையை அப்படியே விட்டுவிடுவது. எழுத்துப் பெட்டிக்கு அப்படியொரு பண்பே கிடையாது. ஆகவே ஃபங்ஷன் நல்ல பிள்ளையாகத் திரும்பிவிடும். ‘அம்மா’ வர வேண்டிய இடத்தில் ஏ, கே, கே, க்யூ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும். கன்சோலில் ஒரு எரரும் இருக்காது. ‘திஸ் காணாமல் போய்விட்டது’ என்று நம்பும் ஒருவர் இதை எங்கே போய்த் தேடுவார்? காணாமல் போயிருந்தால் எரர் வந்திருக்க வேண்டுமே. அது காணாமல் போகவில்லை, வேறொருவராக வந்திருக்கிறது.

அதே நூலகத்தில் விசைப்பலகைக் கோப்பைச் சர்வரிலிருந்து இறக்கும் பகுதியில் வேறு வழி. அங்கே முதல் வரியிலேயே திஸ், ‘ஐஎம்இ’ என்ற சாதாரண மாறியில் வைக்கப்படுகிறது. கோப்பு வந்து சேர்ந்தபின் ஓடும் உள் ஃபங்ஷன், திஸ்ஸைத் தொடாமல் அந்த மாறியைப் பிடித்துக்கொள்கிறது. ஓரிடத்தில் அழைப்பைக் கட்டுகிறார்கள், இன்னோரிடத்தில் ஸ்கோப்பை நம்புகிறார்கள். ஒரே கோப்பில் இரண்டு வழி, இரண்டும் காரணத்தோடு. இதைப் பார்த்து “எல்லாம் பழைய ஸ்டைல், ஏரோ போட்டு மாத்திடலாம்” என்று கை வைப்பவர், மாற்றுவது என்ன என்று தெரியாமல் மாற்றுகிறார்.

அந்தக் கை வைத்தல்தான் இன்று பராமரிப்பு வேலையின் அன்றாடத் தலைவலி. உலக வலைத்தளங்களில் பாதிக்கும் மேல் இன்னும் ஜேக்வெரி ஓடுகிறது. பட்டியலின் ஒரு வரியைச் சொடுக்கினால் அந்த வரி நிறம் மாற வேண்டும் என்று யாரோ எழுதி வைத்திருப்பார். உள்ளே திஸ், சொடுக்கிய வரியைக் குறிக்கும். புதிதாக வந்தவர் ‘மாடர்ன்’ ஆக்குகிறேன் என்று அதை ஏரோ ஃபங்ஷனாக மாற்றுவார். ஏரோவுக்குச் சொந்தத் திஸ் கிடையாது. வெளியில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்டின் மேல்மட்டத்தில் எழுதியிருந்தால் அது விண்டோ. விண்டோவுக்கு நிறம் மாற்றும் வகுப்பைச் சேர்க்கச் சொன்னால் ஜேக்வெரி முணுமுணுக்காமல் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும். முன்பு வேலை செய்த பக்கம் இப்போது செத்துக் கிடக்கும்.

ஆப்ஜெக்டுக்குள் மெத்தடையே ஏரோவாக எழுதினாலும் இதே கதிதான். கடை.பலகை() என்று புள்ளி வைத்து அழைத்தாலும் அதற்குக் கடை தெரியாது. கால், அப்ளை, பைண்ட் மூன்றாலும் ஏரோவின் திஸ்ஸை அசைக்க முடியாது. ‘நியூ’ போட்டு அழைத்தால் எரர். சோதனைகள் எழுதப் பயன்படும் மோக்கா தன் ஆவணத்திலேயே ஏரோ ஃபங்ஷனைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்கிறது. நேர வரம்பை மாற்றுவது முதலான வசதிகளை அது திஸ் வழியாகத் தருகிறது. சர்வரோகநிவாரணி என்று விற்கப்பட்ட பொருளுக்குக் கருவி செய்பவர்களே இத்தனை பத்தியம் சொல்கிறார்கள்.

ஏரோவைக் குறை சொல்வது இங்கே நோக்கமல்ல. வெளி மெத்தடின் திஸ் உள்ளே வேண்டும், அழைப்பவர் தருவது வேண்டாம் என்ற இடத்தில் அதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்த பிறகே அது கருவி, அதுவரை மந்திரம்.

‘செல்ஃப்’ மாறியில் திஸ்ஸை வைப்பது தாத்தா காலத்து நிரல் என்ற கேலியும் இதோடு ஒட்டிப் பிறந்ததே. உள் கால்பேக்குக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் வேண்டியிருக்கும்போது, அதாவது சொடுக்கிய பொத்தானும் வேண்டும், அதை நடத்தும் ஆப்ஜெக்டும் வேண்டும் என்றால், ஏரோ ஒருவரை மட்டுமே தரும். மற்றவரை நிகழ்வு ஆப்ஜெக்டின் ‘கரன்ட் டார்கெட்’ வழியாகத் தேடிப் போக வேண்டும். ஆப்ஜெக்டுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் படிப்பவருக்கும் சந்தேகம் இல்லை. அந்தப் பெயர் ‘செல்ஃப்’ என்று மொட்டையாக இல்லாமல் ஐஎம்இ நூலகத்தில் இருப்பதுபோல் பொருளோடு இருந்தால் இன்னும் நல்லது.

பைண்டையும் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. அது ஒவ்வொரு முறையும் புதிய ஃபங்ஷன் ஒன்றைப் பெற்றுத் தரும். நிகழ்வைச் சேர்க்கும்போது ஒரு பைண்ட், நீக்கும்போது இன்னொரு பைண்ட் என்று எழுதினால் நீக்கம் நடக்காது. இரண்டும் வேறு வேறு ஃபங்ஷன்கள். நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் பில் போடும் பக்கத்தில் இப்படிச் சேர்ந்துகொண்டே போனால், மாலையில் ஒரு சொடுக்குக்குப் பத்து பில் விழும். இதற்கும் பழைய பதில் ஒன்று இருக்கிறது. ஃபங்ஷனுக்குப் பதிலாக ஓர் ஆப்ஜெக்டையே கொடுத்துவிடலாம். அதில் ‘ஹேண்டில் ஈவென்ட்’ என்ற மெத்தட் இருந்தால் பிரவுசர் அதை அழைக்கும், திஸ் அந்த ஆப்ஜெக்டாகவே இருக்கும். 2000 நவம்பரில் வந்த டாம் நிலை 2 நிகழ்வு வரையறையிலேயே இது உண்டு. ஏரோவுக்குப் பதினைந்து ஆண்டு மூத்தது. ‘ஃபார்ஈச்’ தன் இரண்டாவது உள்ளீடாகத் திஸ்ஸை வாங்கிக்கொள்ளும் என்பதும் இப்படி மூலையில் கிடக்கும் இன்னொரு வசதி.

திஸ்மீது விழும் பழிகளில் பாதி உண்மையில் ஸ்கோப்பின் கணக்கில் எழுத வேண்டியவை. துறையூர், புலிவலம், மண்ணச்சநல்லூர், நம்பர் ஒன் டோல்கேட், சத்திரம் என்று ஐந்து நிறுத்தங்களுக்கு ஐந்து பொத்தான்கள். ‘வார்’ போட்ட லூப்பில் நிறுத்தத்தின் பெயரை ஒரு மாறியில் எடுத்து, சொடுக்கும்போது காட்டச் சொன்னால், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சத்திரம் என்றே வரும். ஐந்து கால்பேக்குகளும் ஒரே மாறியைத்தான் பார்க்கின்றன. லூப் முடிந்தபோது அதில் இருந்தது சத்திரம். கால்பேக் பிடித்துக்கொள்வது மாறியை, அந்த நேரத்து மதிப்பை அல்ல. இங்கே ஏரோ போட்டால் ஒன்றும் ஆகாது, மீண்டும் சத்திரம்தான். ‘லெட்’ போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி பிறக்கும், சரியாகிவிடும். “கால்பேக்னாலே பிரச்சினை” என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியவருக்கு எது எதற்குத் தீர்வு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

பாடம் எடுப்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒரு செமஸ்டருக்குள் எச்டிஎம்எல் முதல் டேட்டாபேஸ் வரை ஓட வேண்டும். கேம்பஸ் நேர்காணலில் ‘கால், அப்ளை, பைண்ட் வித்தியாசம் என்ன’ என்று கேட்பார்கள், மூன்று வரி மனப்பாடம் செய்தால் தாண்டிவிடலாம். அழைப்பு ஒரு கணக்கு, எழுதிய இடம் ஒரு கணக்கு என்று கடையையும் பலகையையும் வைத்துக் காட்ட அரை மணி நேரம் போதும். நேரமில்லை என்பது அதனால் எடுபடாத சாக்கு. கஷ்டம் என்று முத்திரை குத்திவிட்டால் விளக்க வேண்டிய பொறுப்பு கழிந்துவிடுகிறது என்பதே நிஜமான வசதி. அந்த வசதிக்கான விலையைக் கொடுப்பது ஆசிரியர் அல்ல.

கடைசியாக ஒரு வாதம் வரும்: “இதெல்லாம் எதுக்கு? இப்போ ரியாக்ட்தான், ஹூக்ஸ்தான், திஸ்ஸே கிடையாது.” 2019 பிப்ரவரியில் ஹூக்ஸ் வந்தபோது கிளாஸ் எழுதி, கன்ஸ்ட்ரக்டரில் ஒவ்வொரு மெத்தடையும் பைண்ட் செய்துகொண்டிருந்தவர்கள் பெருமூச்சு விட்டது உண்மை. அதே மாதம் ரியாக்ட் குழுவின் டான் அப்ரமோவ், ஹூக்ஸோடு ‘செட்இன்டர்வல்’ சேரும்போது வரும் சிக்கலை மட்டும் எடுத்து நீண்ட கட்டுரை ஒன்று எழுத வேண்டியிருந்தது. நொடிக்கு ஒன்று ஏற வேண்டிய எண், ஒன்றிலேயே நின்றுவிடும். முதல் முறை ஓடியபோது இருந்த பூஜ்யத்தைக் கால்பேக் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நொடியும் பூஜ்யத்தோடு ஒன்றைக் கூட்டி, மறுபடி ஒன்றையே எழுதிக்கொண்டிருக்கிறது. மதிப்புக்குப் பதிலாக, பழைய மதிப்பை வாங்கிப் புதியதைத் தரும் ஃபங்ஷனைக் கொடுத்தால் எண் ஓடத் தொடங்கும். அந்த நிரலில் திஸ் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கால்பேக்குகள் எல்லாமே ஏரோ ஃபங்ஷன்கள்.